பாம்பைத் தேடாதீர்கள், நாயைப் பாருங்கள்

பாம்பு மனிதனைக் காலில் கடிக்கும். நாயை முகத்தில் கடிக்கும். மனிதன் பாராமல் மிதித்துவிடுகிறான். நாய் மிதிப்பதில்லை. பற்றைக்குள் ஏதோ சரசரத்தால் முதலில் மூக்கை நீட்டும், பிறகு குரைக்கும், பிறகு பாயும். அதனால் மூக்கு நுனி, மேலுதடு, தாடை, கழுத்து, முன்னங்கால் என்று உடம்பின் முன்பாதியிலேயே கடி விழுகிறது. பூனை இன்னொரு விதம். அது முன்பாதத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிட்டப் போகும். பூனைக்குக் கடி பெரும்பாலும் முன்பாதத்திலும் காலிலும் விழுவது இதனால்தான்.

முகத்தில் விழும் கடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கால் எவ்வளவு வீங்கினாலும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். தாடையும் கழுத்தும் வீங்கினால் மூச்சுக்குழாய் நெரியும். கழுத்துப் பட்டி கட்டிய நாய் என்றால் அந்தப் பட்டியே சுருக்குக் கயிறாகிவிடும். கடிபட்ட நாய்க்கு வீட்டில் செய்யக்கூடிய முதல் வைத்தியம் பட்டியைக் கழற்றுவது. பலர் அதைத்தான் மறந்துபோகிறார்கள்.

இலங்கையின் வன்னியில் பாம்புக்கடிக்கு ஒரு காலம் இருக்கிறது. காலபோக நெல் முற்றி, தை கடைசியிலிருந்து பங்குனி வரை அறுவடை நடக்கும் நாட்கள். இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பகுதியிலும், முத்தையன்கட்டு, அக்கராயன் பக்கங்களிலும் வயலில் நெல் இருக்கும் மட்டும் எலி இருக்கும். எலி இருக்கும் மட்டும் புடையன் எனப்படும் கண்ணாடி விரியன் இருக்கும். அறுவடை இயந்திரம் இறங்க, எலியும் பாம்பும் வரம்புக்கும் வளவுக்கும் ஏறும். வளவில் காவல் நிற்பது நாய். மாரியில் புற்றும் பொந்தும் தண்ணீரால் நிரம்பும்போது இதே ஏற்றம் இன்னொரு தரம் நடக்கும். 2009இல் போர் முடிந்த பிறகு மக்கள் மீளக் குடியேறியபோது பல வளவுகள் காடாகிக் கிடந்தன. கூரை போன வீடும், இடிந்து தூர்ந்த கிணறும், கறையான் புற்றும் பாம்புக்கு நல்ல வீடுகள். துப்புரவாக்கப்பட்ட வளவுக்குப் பக்கத்து வளவு இன்னும் வெறுமையாகக் கிடந்தால் நிலைமை பெரிதாக மாறப்போவதில்லை.

கடிபட்டதும் வீட்டில் நடப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாய் ஒருதரம் ஊளையிட்டுக்கொண்டு ஓடிவரும். ஒருவர் ரோச் லைட்டும் பொல்லும் எடுத்துக்கொண்டு பாம்பைத் தேடிப் போவார். இன்னொருவர் காலில் கயிறு கட்டுவார். தேடிப் போனவர் வெற்றியோடு திரும்பினால், செத்த பாம்பு ஒரு சொப்பிங் பாக்கில் நாயோடு சேர்ந்து மிருக வைத்தியரிடம் போகும்.

“என்ன பாம்பு தம்பி?”

“புடையன்போலத்தான் கிடந்தது டொக்டர். இருட்டில வடிவாத் தெரியேல்ல.”

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மிருக வைத்தியர் செய்யக்கூடியது மிகக் குறைவு. பிடிபட்ட பாம்புதான் கடித்த பாம்பு என்பதற்கு உறுதியில்லை. கட்டுவிரியனைப் போலவே வெள்ளைக் கோடு போட்ட நஞ்சற்ற ஓநாய்ப் பாம்புகள் உண்டு. அடிபட்டுத் தலை நசிந்த பாம்பை நிபுணருக்கே இனங்காண்பது சிரமம். தவிர, வெட்டுண்ட தலையும் சிறிது நேரத்துக்கு அனிச்சையாகக் கடிக்கும். பாக்கைத் திறப்பவர் இரண்டாவது நோயாளி ஆகலாம். தூரத்தில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அதற்காக ஐந்து நிமிடமும் செலவிட வேண்டாம். எந்தப் பாம்பு கடித்தது என்பதைக் கடிபட்ட உடம்பே சொல்லும். அதை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

புடையன் கடித்தால் கடிவாய் உடனே நோகும், வீங்கும், சில மணித்தியாலத்தில் முகம் முழுதும் உருமாறும். ஆனால் கொல்வது வீக்கமல்ல. இந்த நஞ்சில் இரத்தம் உறையும் வேலையைத் தொடக்கி வைக்கும் நொதிகள் இருக்கின்றன. காயம் எதுவும் இல்லாமலேயே உடம்பெங்கும் உறைதல் தொடங்குகிறது. உறைவதற்கு வேண்டிய புரதங்கள் அளவோடுதான் இருப்பவை. கலியாண வீட்டில் சமைத்த அத்தனையையும் முதல் பந்தியிலேயே பரிமாறித் தீர்த்துவிட்டால் அடுத்த பந்திக்கு வெறும் இலைதான். அப்படித்தான் இங்கும்: உண்மையான காயத்தில் இரத்தம் கசியும்போது அதை நிறுத்த ஒன்றும் மிஞ்சியிருக்காது. முரசில் இரத்தம் கசியும். ஊசி குத்திய இடம் நிற்காமல் வடியும். சிறுநீர் சிவக்கும். அதற்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகும். இலங்கைப் புடையனுக்கு இன்னொரு குணமும் உண்டு: அதன் நஞ்சு நரம்பையும் தசையையும் தாக்கும். இமை தொங்கினால் நாகம் அல்லது கட்டுவிரியன் என்று முடிவுகட்டும் பழைய பாடம் இந்தத் தீவில் முழுதாகச் செல்லாது. இமையும் தொங்கி, இரத்தமும் உறையாவிட்டால் புடையனைத்தான் நினைக்க வேண்டும்.

இந்தப் பாம்பின் நஞ்சைப் பற்றிய முதல் அறிவை எங்களுக்குத் தந்ததில் நாய்களுக்குப் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சோழமண்டலக் கரையில் வேலை செய்த ஸ்கொட்லாந்து வைத்தியர் பட்ரிக் ரசல், கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதினார். அவருடைய நூல் 1796இல் வெளிவந்தது. இப்பாம்பின் ஆங்கிலப் பெயரிலும் அறிவியல் பெயரிலும் இருப்பது அவருடைய பெயர்தான். கல்கத்தாவில் ஜோசப் பெயரர் அதே வழியில் நாய், பூனை, கோழி என்று நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்து 1872இல் ஒரு பெரிய நூலாக்கினார். இன்று அவற்றை வாசிப்பது இலேசான காரியமல்ல. ஆனால் மனித வைத்தியம் நின்று எழும்பிய படிகளில் அவையும் உண்டு.

நாகம் கடித்தால் கடிவாயில் நோவும் வீக்கமும் வரும். பிறகு அந்த இடத்துச் சதை கறுத்து அழுகலாம். கூடவே நரம்பு தளரும். கட்டுவிரியன் இதற்கு நேர்மாறு. அது இரவுப் பாம்பு. விறாந்தையில் படுத்திருக்கும் நாயைக் கடித்தால் கடிவாய் தெரியாது, வீக்கம் இராது, பெரிய நோவும் இராது. காலமை எழும்பிப் பார்த்தால் நாய் எழும்ப மாட்டாது. அதற்கு முன்பே சில அறிகுறிகள் வந்திருக்கும்: குரைப்பு கம்மிப்போகும், பின்னங்கால் பின்னும், இமை பாதி விழும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும், நாடியை நிலத்தில் வைத்தபடி கிடக்கும். கடைசியில் நெஞ்சுத் தசையும் நின்றுபோகும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நரம்பு தளர்ந்த நாய் மயங்கியதாக அர்த்தமில்லை. கண்மணி வெளிச்சத்துக்கு அசையாமல் விட்டாலும் அதற்குக் காது கேட்கும், நோவு தெரியும். செத்துப்போச்சு என்று சாக்கில் சுற்றுமுன் நெஞ்சில் காதை வைத்துப் பாருங்கள். இதயம் அடித்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு வேண்டியது காற்று. மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்திக் கைப்பையை அமத்திக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தால், நஞ்சின் வேகம் தணியும்வரை உயிரைப் பிடித்து வைக்கலாம். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு நுனியையே சிதைப்பதால் மருந்து கொடுத்தவுடன் நாய் எழும்பிவிடாது. நுனி திரும்ப வளர நாட்கள் எடுக்கும். நாகத்தின் நஞ்சு வேறு; அது தசையின் பக்கத்துப் பூட்டை அடைத்து நிற்பது. அதனால் சில வேளைகளில் நியோஸ்டிக்மின் ஊசியோடு ஒரு மணித்தியாலத்துக்குள் இமை திறப்பதைக் காணலாம்.

காட்டோர வளவுகளில், சருகுக்குள், தென்னைமட்டைக் கும்பிக்குள் சுருண்டு கிடக்கும் சின்னப் பாம்பு ஒன்று உண்டு. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும் குழிவிரியன் அது. இது கடித்தால் பெரும்பாலும் அந்த இடம் மட்டும் வீங்கும், கொப்புளிக்கும். சிலவேளை இரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் கெடுவதும் உண்டு. இலங்கையில் இப்போது கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து இதற்கு வேலை செய்யாது. சுருட்டை விரியன் வடக்கில் வரண்ட கரையோர மணலின் பாம்பு. வன்னிக் காட்டுக்குள் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி, உடம்பு சொல்வதை வாசிக்க உதவும் ஒரு கண்ணாடிக் குழாய்க்கு வருவோம். என் அபிப்பிராயத்தில், ஒரு சிறிய மிருக வைத்திய நிலையத்தில் பாம்புக்கடிக்கு இருக்கக்கூடிய ஆகச் சிறந்த கருவி அதுதான். மின்சாரமோ ஆய்வுகூடமோ வேண்டாம். புதிய, உலர்ந்த, சாதாரணக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் 2 மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒருதரம் சரித்துப் பார்க்க வேண்டும். நல்ல இரத்தம் குழாயின் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர்போல வாய்க்கு ஓடிவந்தால் உறையும் புரதங்கள் தீர்ந்துவிட்டன; நாட்டில் புடையன் இருக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது. உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் மேற்பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல இரத்தமும் நேரத்துக்கு உறையாமல் ஏமாற்றும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பழைய குழாயும் அப்படித்தான். முதல் சோதனையில் உறைந்தாலும் நாயை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. நஞ்சு கடிவாயிலிருந்து மெதுவாக ஏறலாம்; சில மணித்தியாலத்துக்குப் பிறகு இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

குழாய் சொல்வதைக் கேட்கும்போது நாட்டில் உள்ள மற்ற நோய்களையும் மனதில் வைத்திருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் நாயின் சிறுநீர் சிவக்கும். ஆனால் காய்ச்சல் முன்பே இருந்திருக்கும், முகம் வீங்காது. எலிமருந்து தின்ற நாயின் இரத்தமும் உறையாது. அதுவும் சில நாட்கள் கழித்துத்தான், வீக்கமில்லாமல். வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினி வயிற்றுக்குள் போனால் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். கட்டுவிரியனில் நடுக்கம் இராது, கண்மணி விரிந்து கிடக்கும். தேரையை வாயில் கவ்விய நாயும் நுரை தள்ளும். வாயைக் கழுவிவிட்டால் பெரும்பாலும் தெளியும். குளவி கொட்டினாலும் முகம் வீங்கும். அது சொறியும், ஆனால் இரத்தம் உறைவதில் குறை வராது.

பூனைக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. நோவுக்குப் பனடோல் கொடுப்பது எங்கள் வீடுகளில் மூச்சுவிடுவதுபோல இயல்பாகிவிட்டது. பூனையின் ஈரலுக்குப் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் நொதி போதாது. ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதன் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் முரசு கபில நிறமாகும். முகமும் பாதமும் வீங்கும். பாம்பு கடித்த பூனைக்கு ஒரு பனடோல் கொடுத்துவிட்டு, முகம் வீங்குவதைப் பார்த்து நஞ்சு ஏறுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஏறுவது பனடோல். நாய்க்கும் டைக்குளோபெனக், இபுபுரோபன் வேண்டாம். உறையாத இரத்தத்துக்கும் களைத்துப்போன சிறுநீரகத்துக்கும் அவை எதிரி.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நாயை நடக்கவிடாதீர்கள், தூக்கி ஓட்டோவிலோ லான்ட்மாஸ்டர் பெட்டியிலோ கிடத்துங்கள். ஓடுகிற தசை நஞ்சை உடம்புக்குள் தள்ளும். கயிறு கட்டாதீர்கள், கட்டு இரத்தத்தை முழுதாக நிறுத்தினால் கால் செத்துப்போகும். கடிவாயைக் கீறாதீர்கள், புடையன் கடித்த இடத்தைக் கீறினால் இரத்தம் நிற்காது. பாலும் எண்ணெயும் முட்டையும் வாயில் ஊற்றாதீர்கள். தொண்டை தளர்ந்த நாய்க்கு அது நேரே நெஞ்சுக்குள் போகும். நோவில் இருக்கும் நாய் சொந்தக்காரரையும் கடிக்கும் என்பதால் துணியால் போர்த்தித் தூக்குங்கள். முகம் வீங்கியிருந்தால் வாயைக் கட்டாதீர்கள். பூனை கடிபட்டதும் எங்காவது ஒளிந்துகொள்ளும். மணித்தியாலங்கள் கழித்து, சிலவேளை அடுத்த நாள்தான் தென்படும். அதனால் ஒரு முன்பாதம் வீங்கிய பூனையைக் கண்டால் முள்ளுக் குத்தியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

புளியங்குளத்துப் பக்கம் புதூர் நாகதம்பிரானுக்கு நேர்ந்து வைப்பதும், விசகடி வைத்தியரிடம் பார்வை பார்ப்பிப்பதும் வன்னியில் இன்றும் நடப்பவைதான். நேர்த்தி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை வழியில் வைக்கலாம், நேரம் போகாது. பார்வை பார்த்துச் சுகமானவர்களின் கதைகளும் பொய்யல்ல. 2012, 2013இல் இலங்கை முழுவதும் வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பின்படி ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் நஞ்சேறுவது சுமார் 30,000 பேருக்குத்தான். அதாவது எதுவும் செய்யாமல் விட்டாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைப்பார்கள். அந்தப் பாதியில் விழுந்த நோயாளிக்கு எந்த வைத்தியமும் கைராசியான வைத்தியம்தான். நாய்க்கும் அப்படியே: நஞ்சில்லாப் பாம்பும் கடிக்கும், நஞ்சுப் பாம்பும் நஞ்சு விடாமல் கடிக்கும்.

நஞ்சேறிய நாய்க்கு ஒரே மருந்து நஞ்சுமுறி. கிளிநொச்சியில் ஒரு நாயின் நரம்புக்குள் ஏறும் அந்த மருந்தின் கதை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் தொடங்குகிறது. 1978இல் அங்கே தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினதும் நஞ்சை எடுத்து மருந்து செய்பவர்களுக்கு விற்கிறது. பாம்பு உயிரோடு திரும்பக் காட்டுக்குப் போகும். அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்துத் தூளாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சால் செய்த மருந்து வன்னிப் பாம்புக்கு வேலை செய்கிறது, ஆனால் முழுதாக அல்ல. குழிவிரியன் அந்த நால்வரில் இல்லை. இலங்கைக்கென்று தனி மருந்து செய்யும் முயற்சி பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கொஸ்ரா ரிக்கா நாட்டின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. அதில் குழிவிரியனையும் சேர்த்தார்கள்.

மருந்தின் கணக்குத்தான் நாய்க்காரரை மலைக்க வைக்கும். 10 மில்லிலீற்றராகக் கரைக்கும் ஒரு குப்பி 6 மில்லிகிராம் புடையன் நஞ்சை முறிக்கும். வளர்ந்த புடையன் ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராமுக்குக் கிட்ட இறக்கும். மனிதனுக்குப் பத்துக் குப்பியில் தொடங்குவது இந்தக் கணக்கில்தான். பாம்புக்கு நாயென்றும் மனிதனென்றும் பேதமில்லை. 12 கிலோ நாய்க்கும் அதே 60 இறங்கலாம். எனவே நிறையைப் பார்த்து மருந்தைக் குறைக்கும் வழமையான கணக்கு இங்கே தலைகீழாகிறது. சின்ன உடம்பில் நஞ்சின் செறிவு கூட. அரச வைத்தியசாலையில் மனிதனுக்கு இந்த மருந்து இலவசம். நாய்க்குப் பணம் கட்டி வாங்க வேண்டும். நடைமுறையில் மிருக வைத்தியர்கள் கைவசம் உள்ள ஒன்றிரண்டு குப்பியைச் சேலைனில் கலந்து மெதுவாக ஏற்றி, திரும்பவும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துத்தான் அடுத்ததை யோசிக்கிறார்கள். நஞ்சு முறிந்த பிறகும் ஈரல் புதிதாக உறைபுரதம் செய்யச் சுமார் ஆறு மணித்தியாலம் வேண்டும். அதனால் அடுத்த சோதனை ஆறு மணித்தியாலம் கழித்து. அதற்கு முன்பு பார்த்துப் பதறி இன்னொரு குப்பியை உடைப்பது காசை வீணாக்குவது.

குதிரைப் புரதத்தை உடம்பு பகையாக நினைத்துவிட்டால் முகம் தடிக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் விழும். மருந்து ஏறும்போது அட்ரினலின் ஊசி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இலங்கையில் 1007 மனித நோயாளிகளில் செய்து 2011இல் வெளியான ஆய்வு, முன்கூட்டிக் கொடுக்கும் சிறிதளவு அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் குறைக்கிறது என்றும், பழக்கத்தில் போடும் ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் அப்படிக் குறைக்கவில்லை என்றும் காட்டியது. இரத்தம் அதிகம் போன நாய்க்கு இன்னொரு நல்ல நாயின் இரத்தம் ஏற்றலாம். முதல் தடவை பெரும்பாலும் பொருந்திவிடும். பூனைக்கு வகை பார்க்காமல் ஏற்றினால் முதல் தடவையே உயிருக்கு ஆபத்து.

ஆனாலும் பூனை நாயைவிடத் தாக்குப்பிடிக்கும் என்று ஊரில் சொல்வதில் உண்மை இருக்கிறது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில் பல நாட்டுப் பாம்புகளின் நஞ்சை நாய், பூனை இரண்டினதும் குருதிநீரில் கலந்து பார்த்தார்கள். நாயினது மிக விரைவாக உறைந்தது; நஞ்சு இல்லாமலேயே அது பூனையினதைவிட முந்தி உறையும் இயல்புடையது. நஞ்சுமுறி கிடைக்காத நிலையில் அவுஸ்திரேலியப் பழுப்புப் பாம்பின் கடிக்குப் பூனைகளில் 66 வீதம் பிழைக்க, நாய்களில் 31 வீதமே பிழைக்கின்றன. இதோடு பூனையின் பழக்கமும் உதவுகிறது. அது கடிபட்டால் ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும். நாய் ஓடித் திரியும். கீரியின் கதை வேறு: நாகத்தின் நரம்பு நஞ்சு போய் ஒட்டும் தசைப் பூட்டே கீரியில் மாறியிருக்கிறது. பூனைக்கு அந்த வசதி இல்லை. நரம்பு நஞ்சு ஏறினால் பூனையும் விழும்.

நாய் எழும்பிச் சோறு தின்னத் தொடங்கியதும் வீட்டார் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். புடையன் கடியில் சிறுநீரகம் கெடுவது அதற்குப் பிறகும் வரலாம். ஒரு கிழமைக்கு நாய் எவ்வளவு மூத்திரம் பெய்கிறது, என்ன நிறத்தில் பெய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால், கறுத்தால், வாந்தி எடுத்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். நாகம் கடித்த இடத்துச் சதை பிய்ந்து விழுந்து ஆறக் கிழமைக்கணக்கு எடுக்கும். புழு வைக்காமல் பார்ப்பது அந்த நாட்களின் பெரிய வேலை. ஒருதரம் கடிபட்டுப் பிழைத்த நாய்க்கு அடுத்த கடி ஏறாது என்று நம்ப வேண்டாம். நஞ்சுக்கு எதிரான தாங்குசக்தி அப்படி வராது. மாறாக, ஒருதரம் நஞ்சுமுறி ஏற்றிய நாயின் உடம்பு குதிரைப் புரதத்தை நினைவில் வைத்திருக்கலாம், அடுத்த தடவை ஒவ்வாமை கடுமையாகலாம். மருந்து ஏற்றிய திகதியையும் குப்பிகளின் எண்ணிக்கையையும் நாயின் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையில் எழுதி வைப்பித்தால், அடுத்த முறை பார்க்கும் வைத்தியருக்கு உதவும்.